மூழ்கிய கப்பலுக்குள் போறீங்களா? திரும்பி வர ஒரு நூல் வேணும் பாஸ்! - ரெக் டைவிங் ரீல் வாங்க ஒரு கைடு

கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல். திறந்து கிடக்கும் ஒரு கதவு. உள்ளே டார்ச் அடிச்சா படிக்கட்டு, குழாய்கள், கூட்டம் கூட்டமா மீன்கள்னு எல்லாமே பளிச்னு தெரியுது. 'பத்து மீட்டர்தானே, எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்'னு நுழையறீங்க.

நீங்க விடும் மூச்சுக் குமிழிகள் மேலே போய் கூரையில் மோதும். பல வருஷத் துரு பொலபொலன்னு உதிரும். காலில் மாட்டியிருக்கும் ஃபின் ஒரே ஒரு தடவை தரையைத் தட்டினால் போதும், அடியில் படிஞ்சிருக்கும் வண்டல் மொத்தமும் கிளம்பும். கொஞ்ச நேரத்தில், கையை முகத்துக்கு நேரா வெச்சாலும் தெரியாது. டார்ச் இருக்கேன்னு நினைக்காதீங்க. பனிமூட்டத்தில் காரோட ஹை பீம் போட்ட மாதிரி, வெளிச்சம் திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும்.

இப்போ, நீங்க வந்த கதவு எந்தப் பக்கம்?

இந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் ஒண்ணுதான். நுழையும்போது வெளியே கட்டிவிட்டு, வழியெல்லாம் விட்டுக்கிட்டே வந்த சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நைலான் நூல். டைவர்கள் இதை 'லைன்' என்பார்கள். அதைச் சுற்றி வைக்கும் கருவிதான் ரீல்.

அந்தமான், புதுச்சேரின்னு போய் ஸ்கூபா கோர்ஸ் முடிச்சவங்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் மூழ்கிய கப்பல்தான். அதுக்குப் பேர் ரெக் டைவிங். ஆசை வந்ததும் ஆன்லைனில் ரீல் தேடினா தலை சுத்தும். உள்ளங்கை அளவில் ஒண்ணு, தோசைக்கல் அளவில் ஒண்ணு, பிளாஸ்டிக், ஸ்டீல், மூடினது, திறந்ததுன்னு வரிசையா வரும். எதை வாங்குறது? வாங்க, ஒண்ணொண்ணா பார்க்கலாம்.

ஞாபகசக்தியை ஏன் நம்பக் கூடாது?

'எனக்கு வழி நல்லா ஞாபகம் இருக்கும்'னு சொல்றவங்களுக்கு ஒரு கப்பலோட கதை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கீ லார்கோ என்ற இடத்துக்கு அருகே கடலடியில் இருக்கிறது 'ஸ்பீகல் குரோவ்'. அமெரிக்கக் கடற்படையில் ஓய்வுபெற்ற கப்பல். நீளம் சுமார் 155 மீட்டர். செயற்கைப் பவளப்பாறையாகவும், டைவர்களுக்கான இடமாகவும் பயன்படட்டும் என்று 2002 மே மாதம் இதைத் திட்டமிட்டு மூழ்கடித்தார்கள். ஆனால், திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே கப்பல் மூழ்கத் தொடங்கி, தலைகீழாகக் கவிழ்ந்தது. அப்புறம் பெரும்பாடு பட்டு ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். மூன்று வருஷம் அப்படியே கிடந்தது. 2005 ஜூலையில் 'டென்னிஸ்' சூறாவளி வந்தது. கடல் சீற்றத்தில் அந்த மொத்தக் கப்பலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது!

அதுவரை சுவராக இருந்தது தரையானது. தரையாக இருந்தது சுவரானது. போன வருஷம் பார்த்த வழி இந்த வருஷம் இல்லை.

இது பெரிய உதாரணம். ஆனால், எல்லா மூழ்கிய கப்பலிலும் சின்ன அளவில் இதுதான் நடக்கிறது. துருப்பிடித்த தடுப்புகள் விழும், வயர்கள் தொங்கும், கதவு நகரும். அதே ஸ்பீகல் குரோவில் 2007 மார்ச் மாதம், கப்பலின் உட்பகுதிக்குள் போன மூன்று டைவர்கள் உயிரோடு திரும்பவில்லை. உலகம் முழுக்க டைவர்கள் விரும்பிப் போகும், அழகான, பிரபலமான கப்பல்தான் அது. 'பிரபலமான இடம், அதனால் சேஃப்' என்ற கணக்கு கடலுக்கடியில் செல்லாது.

குகை டைவிங்கின் முன்னோடிகளில் ஒருவரான ஷெக் எக்ஸ்லி, குகை விபத்துகளை ஆராய்ந்து 1979இல் பாதுகாப்பு விதிகளைப் புத்தகமாக எழுதினார். அதில் முக்கியமான ஒன்று, வெளியே திறந்த தண்ணீரில் தொடங்கி உள்ளே வரை அறுபடாத ஒரு வழிநூல் இருக்க வேண்டும் என்பது. குகைக்குச் சொன்ன அந்த விதியைத்தான் இன்று கப்பலுக்குள் நுழையும் டைவர்களும் பின்பற்றுகிறார்கள்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு

ரீல் வாங்கப் போறவங்க முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த பிராண்ட்?' கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எனக்கு எத்தனை மீட்டர் லைன் வேணும்?'

பொழுதுபோக்கு டைவர்களுக்கு வரம்பு உண்டு. உதாரணமா, பி.ஏ.டி.ஐ. அமைப்பின் ரெக் டைவர் கோர்ஸ் முடிச்சவங்க, நுழைவாயிலின் இயற்கை வெளிச்சம் தெரியும் தூரம் வரைதான் கப்பலுக்குள் போகலாம். அதோடு, நீர்மட்டத்திலிருந்து இறங்கிய ஆழமும், உள்ளே போன தூரமும் சேர்த்து 40 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இப்போ கணக்கு போடுங்க. நுழையும் கதவு 25 மீட்டர் ஆழத்தில் இருக்குன்னா, உள்ளே போக மிச்சம் இருப்பது 15 மீட்டர்தான். கதவு 30 மீட்டரில் இருந்தா வெறும் 10 மீட்டர். வெளியே கட்டுவதற்கும், வழியில் அங்கங்கே சுற்றுவதற்கும் சேர்த்துக்கொண்டால்கூட 30 மீட்டர் லைன் உள்ள ஒரு சின்ன ஸ்பூல் தாராளமா போதும்.

ஆனா, கடையில் கண்ணைக் கவர்வது 120 மீட்டர் லைன் கொண்ட பெரிய ரீல்தான். அது நீண்ட தூரம் ஊடுருவப் பயிற்சி எடுத்த டெக்னிக்கல் டைவர்களுக்கானது. உங்களுக்கு 15 மீட்டர் போகத்தான் பயிற்சி இருக்கு, கையில் 120 மீட்டர் இருக்குன்னா, அந்த மிச்ச 105 மீட்டர் உங்களை 'இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்'னு உள்ளே கூப்பிடும். லைன் எவ்வளவு நீளம் என்பதை உங்க பட்ஜெட் முடிவு பண்ணக் கூடாது, உங்க பயிற்சிதான் முடிவு பண்ணணும்.

ஸ்பூலா... ரீலா?

மார்க்கெட்டில் இருப்பவற்றை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

1. ஃபிங்கர் ஸ்பூல்: நம்ம ஊர் காத்தாடிக்கு நூல் சுத்துற லொட்டாயின் குட்டித் தம்பி. நடுவில் ஓட்டை, அதில் விரலை விட்டால் ஸ்பூல் சுழன்று நூலை விடும். கைப்பிடி கிடையாது, திருகாணி கிடையாது, அசையும் பாகம் எதுவுமே கிடையாது. அதனால் பழுதாகவும் வழியில்லை. 15 முதல் 45 மீட்டர் வரை லைன் கொண்டவை பரவலாகக் கிடைக்கும். விலையும் குறைவு. ஒரே குறை, திரும்பச் சுற்றும்போது கையால்தான் சுற்றணும், நேரம் எடுக்கும். முதல் ரெக் கோர்ஸ் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

2. சேஃப்டி ரீல்: கைப்பிடியும், சுற்றுவதற்கு ஒரு குமிழும் உள்ள சின்ன ரீல். 40, 50 மீட்டர் அளவில் வரும். ஸ்பூலைவிட வேகமாகச் சுற்றலாம்.

3. பிரைமரி ரீல்: பெரியது. கப்பலுக்குள் நீண்ட தூரம் போகும் பயிற்சி பெற்றவர்கள், முதன்மை வழிநூல் போட எடுத்துப் போவது.

4. ராட்செட் ரீல்: ஒரு லீவரை அழுத்தினால்தான் நூல் வெளியே போகும், விட்டால் நின்றுவிடும். மேலே மிதவை அனுப்ப இது வசதி. ஆனால், கப்பலுக்குள் மெதுவாக நீந்திக்கொண்டே நூல் விடும்போது லீவரை அழுத்திக்கொண்டே இருக்கணும், விரல் வலிக்கும். உள்ளே போக இது வேண்டாம்.

மிதவைன்னு சொன்னதும் ஒரு முக்கியமான விஷயம். மேலே ஏறும்போது, 'நாங்க இங்க இருக்கோம்'னு படகுக்குக் காட்ட ஆரஞ்சு நிறக் காற்றுப்பையை டைவர்கள் மேலே அனுப்புவார்கள். அதற்கும் ஸ்பூல்தான் வேண்டும். 'ஒரே ஸ்பூலை ரெண்டுக்கும் வெச்சுக்கலாமே'னு தோணும். வேண்டாம். கப்பலுக்குள் பிரச்னை வந்தால், நூல் போட்ட ரீலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும். அப்போ மிதவை அனுப்பக் கையில் எதுவும் இருக்காது. உள்ளே போக ஒண்ணு, மேலே ஏற ஒண்ணு. ரெண்டும் தனித்தனி.

திறந்ததா... மூடினதா?

ரீலில் நூல் சிக்குவதற்கு டைவர்கள் வைத்திருக்கும் பெயர், 'பறவைக்கூடு'. ஸ்பூல் வேகமாகச் சுழன்று, நூல் தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். இது எல்லா ரீலுக்கும் வரும். வந்தால் எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மூடிய வகையில் ஸ்பூலைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும். நூல் வெளியே நழுவாது, ஒரு துளை வழியாக ஒழுங்காக வரும். ஆனால், உள்ளே சிக்கினால் விரல் நுழையாது. திறந்த வகையில் நூல் விளிம்பைத் தாண்டி நழுவ வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனால், எங்கே சிக்கியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இருட்டிலும் விரலுக்குத் தெரியும். கப்பலுக்குள் போக ரீல்தான் வேணும்னா, திறந்த வகை நல்ல தேர்வு.

ரீலைவிட நூல் முக்கியம்

ரீலோட பளபளப்பைப் பார்த்துட்டு, நூலை யாரும் பார்க்கிறதில்லை. உங்களை வெளியே கொண்டுவரப் போவது நூல்தான். மூணு விஷயம் கவனிங்க.

எதில் செய்தது? பின்னல் நைலான் வேணும். நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் மிதக்காது. பாலிபுரொப்பிலீன் நூல் மிதக்கும். தளர்ந்தால் மேலே எழும்பி, கூரையில் தொங்கும் கம்பிகளில் சிக்கும், உங்க டேங்க்கில் சுத்தும். அந்த நூல் போட்டு வந்தால், எவ்வளவு விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எவ்வளவு தடிமன்? டைவிங் லைனுக்கு எண்கள் உண்டு. 24, 36 இரண்டும் பரவலாகக் கிடைக்கும். எண் கூடினால் தடிமனும் கூடும். குகைகளில் பெரும்பாலும் 24 போதும். ஆனால், மூழ்கிய கப்பல் என்பது துருப்பிடித்த பிளேடுகளின் குடோன் மாதிரி. ஒவ்வொரு விளிம்பும் நூலை அறுக்கப் பார்க்கும். அதனால் கப்பலுக்கு 36 போன்ற தடித்த நூலை விரும்புபவர்கள் அதிகம். இருட்டில் கையுறையோடு தொட்டாலும் நல்லா தட்டுப்படும்.

இங்கேதான் ஒரு ஏமாற்றம் ஒளிஞ்சிருக்கு. விளம்பரத்தில் '60 மீட்டர்' என்று போட்டிருப்பது 24ஆம் எண் நூலுக்காக இருக்கலாம். அதே ஸ்பூலில் 36ஆம் எண் நூலைச் சுற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்து, 40 மீட்டர் அளவுக்குத்தான் கொள்ளும். எந்த எண்ணுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டு வாங்குங்க. விளிம்பு வரை நிரப்பியிருந்தாலும் ஆபத்து. நனைந்த நூலை இருட்டில் அவசரமாகச் சுற்றும்போது அது விளிம்பைத் தாண்டி வழியும். கொஞ்சம் இடம் காலியாக இருக்கணும்.

என்ன நிறம்? வெள்ளைதான் டார்ச் வெளிச்சத்தில் நல்லா எடுபடும். மஞ்சள், ஆரஞ்சும் ஓகே. கறுப்பு, கரும்பச்சை எல்லாம் போட்டோவுக்கு ஸ்டைலா இருக்கும், துருவுக்கு நடுவில் காணாமல்போகும்.

சின்னச் சின்ன பாகங்கள்... பெரிய பெரிய வித்தியாசம்

நுனி லூப்: நூலின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். குழாயையோ கம்பியையோ சுற்றி வந்து, இந்த வளையத்துக்குள் ரீலையே நுழைத்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். முடிச்சே தேவையில்லை. அதனால் வளையம், ரீல் நுழையும் அளவுக்குப் பெருசா இருக்கணும். சின்னதா இருந்தா அவிழ்த்துவிட்டு நீங்களே பெருசா போட்டுக்கோங்க.

மறுமுனை: நூலின் இன்னொரு முனை ஸ்பூலின் அச்சில் கட்டப்பட்டிருக்கான்னு வாங்கிய அன்றைக்கே முழுசா அவிழ்த்துப் பாருங்க. கட்டாமல் விட்டிருந்தால், கடைசி சுற்று முடிந்ததும் ஸ்பூல் கையில், நூல் தண்ணியில்.

பூட்டுத் திருகாணி: ரீலை நகராமல் நிறுத்தும் திருகாணி, கையுறை போட்ட விரலுக்குச் சிக்கும் அளவு பெருசா இருக்கணும். முழுசா திருகினாலும் கழன்று விழாத வகையா பாருங்க.

கைப்பிடி: டார்ச்சையும் ரீலையும் ஒரே கையில் பிடித்து, மறுகையை நூல் கட்டுவதற்குக் காலியா வைப்பது பல டைவர்களின் வழக்கம். உங்க டார்ச்சோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து வாங்குங்க.

கொக்கி: ரீலை உடம்பில் மாட்ட ஒரு கொக்கி வேண்டும். விரலால் இழுத்தால் திறக்கும் போல்ட் ஸ்னாப் கொக்கிதான் சரி. ஸ்பூல்களோடு 'டபுள் எண்டர்' என்கிற இருபக்கக் கொக்கி வரும். மலையேறுபவர்கள் பயன்படுத்துவது மாதிரி, அழுத்தினாலே உள்பக்கம் திறக்கும் கொக்கிகள் வேண்டாம். ஏதாவது ஒரு கயிறு உரசினால் தானாக உள்ளே வாங்கிக்கொண்டு உங்களைக் கட்டிப்போடும். டைவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர், 'சூசைட் கிளிப்'!

கடையில் செய்ய வேண்டிய 2 நிமிட டெஸ்ட்

* கையுறை போட்டுக்கிட்டு ரீலைப் பிடிங்க. சிரமமா இருந்தா அங்கேயே வெச்சுடுங்க.
* கண்ணை மூடிக்கிட்டு 5 மீட்டர் நூலை விட்டு, பூட்டி, திறந்து, திரும்பச் சுற்றுங்க.
* ஸ்பூல் தடையில்லாமல் சுழலுதா, தேய்க்குதான்னு பாருங்க.
* நூலை வேகமாக இழுத்து சட்டென்று நிறுத்துங்க. ஸ்பூல் மட்டும் சுத்திக்கிட்டே இருந்தா பறவைக்கூடு நிச்சயம்.
* நூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கா? அந்த இடைவெளியில்தான் நூல் போய்ச் சிக்கும்.

ஆன்லைனில் வாங்குறதா இருந்தா, ரிட்டர்ன் வசதி இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் வரியையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. அதைவிட நல்ல வழி, உங்க இன்ஸ்ட்ரக்டரிடம் ரெண்டு, மூணு மாடலை வாங்கித் தண்ணியில் பயன்படுத்திப் பார்த்துட்டு முடிவெடுப்பது.

வாங்கியாச்சு. அடுத்து?

ரீல் வாங்கினதும் நேரா கப்பலுக்குப் போகக் கூடாது. முதல் டைவ், மொட்டை மாடியில்! நாற்காலி, துணிக்கொடிக் கம்பம், தண்ணித் தொட்டிக் குழாய்னு அங்கங்கே நூலைச் சுற்றிக்கிட்டே போங்க. அப்புறம் கண்ணைக் கட்டிக்கிட்டு, நூலை மட்டும் தொட்டுக்கிட்டே தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பார்ப்பாங்க, பரவாயில்லை. அடுத்து நீச்சல்குளம். அதுக்கப்புறம் திறந்த கடலில், கப்பலின் வெளிப்பக்கம். அதுக்கும் அப்புறம்தான், இன்ஸ்ட்ரக்டரோடு உள்ளே.

உள்ளே நூல் போடும் முறையைக் கோர்ஸில்தான் கத்துக்கணும். ஆனா, அடிப்படை இதுதான்:

* முதல் கட்டு, கப்பலுக்கு வெளியே. அங்கிருந்து நேரா மேலே ஏற முடிகிற இடமா இருக்கணும்.
* இரண்டாவது கட்டு, நுழைந்ததும் உள்ளே. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும்.
* நூல் எப்பவும் விறைப்பாக இருக்கணும். தளர்ந்த நூல்தான் காலில் சுற்றும்.
* திரும்பும் இடங்களில் எல்லாம் ஒரு சுற்று. ஆனா, கூர்மையான விளிம்பில் கட்டாதீங்க.
* நூல் போகும் பாதையில் நீங்களும் போக முடியணும். நூல் சின்ன இடுக்கில் நழுவிப் போயிட்டா, இருட்டில் அதைப் பிடிச்சுக்கிட்டு வரும்போது நீங்க அந்த இடுக்கில் மாட்டிக்குவீங்க. இதை 'லைன் ட்ராப்' என்பார்கள்.
* ரீல் வைத்திருப்பவர் முதலில் உள்ளே, கடைசியில் வெளியே. டைவ் பார்ட்னர் அவருக்கும் கதவுக்கும் நடுவில்.
* கண் தெரியாமல் போனால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் நூலை விட்டுக்கிட்டு, இழுக்காமல், மெதுவா வெளியே.

அந்த நேரத்தில் ரீலைச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. பூட்டி, அங்கேயே விட்டுட்டு வந்துடணும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமேன்னு ஒரு நொடி தயங்க வைக்கும் ரீல், உங்களுக்கான ரீல் இல்லை. விட்டுட்டு வர மனசு வரும் விலையில் வாங்குங்க. இது கஞ்சத்தனத்துக்காகச் சொல்றதில்லை, உயிருக்காகச் சொல்றது.

பல நூல்கள் போகும் இடங்களில், எந்தப் பக்கம் வெளியேறும் வழின்னு காட்ட நூலில் மாட்டும் அம்புக்குறிகள் உண்டு. பிளாஸ்டிக்கில் சின்னதா இருக்கும். அம்பின் முனை, பக்கத்தில் இருக்கும் வெளியேறும் வழியைக் காட்டும். தொட்டே திசை தெரிஞ்சுக்கலாம். நூல் கூடவே இன்னொன்றும் கட்டாயம். அதுதான் கத்தரிப்பான். உங்க நூலே உங்களைச் சுற்றினாலும், மீனவர்கள் விட்டுப்போன பழைய வலை சுற்றினாலும் அறுத்துக்கிட்டு வரணும். எந்தக் கை மாட்டினாலும் மறுகைக்கு எட்டும்படி ரெண்டு இடத்தில் வெச்சுக்கோங்க.

நூல் வழியைத்தான் காட்டும், காற்றைக் கொடுக்காது

ரீல் கையில் இருந்தால் எல்லாம் சரியாயிடும்னு நினைச்சா தப்பு. மூணு விதிகள் கூடவே வரணும்.

காற்றில் மூன்றில் ஒரு பங்கு விதி: ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு. நுழையும்போது 180 பார் இருந்தால், 60 செலவானதும் திரும்பியாகணும், எவ்வளவு அழகான காட்சி கண்ணெதிரே இருந்தாலும்.

டார்ச் மூணு: பிரதான டார்ச் ஒண்ணு, மாற்று ரெண்டு.

பயிற்சி: ரெக் கோர்ஸ் முடிக்காதவங்க கப்பலை வெளியே இருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கணும். அதிலும் குறைவான ரசனை ஒண்ணும் இல்லை. எகிப்தின் செங்கடலில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் 'திஸ்டில்கார்ம்' கப்பலையே எடுத்துக்கோங்க. 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். ராணுவ லாரிகள், மோட்டார் பைக்குகள் இன்னும் சரக்கு அறைகளில் நிற்கின்றன. உலகம் முழுவதிலும் இருந்து டைவர்கள் இதைப் பார்க்கப் போகிறார்கள்.

நம்ம பக்கத்துக் கடலில்...

இலங்கையின் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் கிடக்கிறது 'ஹெர்மிஸ்'. விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல். 1924இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடா பக்கம் கிடக்கிறது.

ஹெர்மிஸ் இருப்பது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். பொழுதுபோக்கு டைவர்களின் வரம்பே 40 மீட்டர்தான். அதாவது, அந்தக் கப்பலின் உள்ளே போவதை விடுங்க, அடிவரை இறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்கே டெக்னிக்கல் டைவிங் பயிற்சி வேணும். எவ்வளவு விலை உயர்ந்த ரீல் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்னொன்று, அது நூற்றுக்கணக்கானவர்களின் கல்லறை. பார்க்கலாம், வணங்கலாம். எதையும் எடுத்துட்டு வரக் கூடாது.

பராமரிப்பு ரொம்ப ஈஸி

ஒவ்வொரு கடல் டைவுக்கும் பிறகு நல்ல தண்ணியில் ஊறவைங்க. அவ்வப்போது முழு நூலையும் அவிழ்த்து அலசி, நிழலில் காயவைங்க. வெயில் நைலானைப் பலவீனமாக்கும். திரும்பச் சுற்றும்போது நூலை விரலுக்கு நடுவே விட்டுக்கிட்டே சுற்றுங்க. பிசிர், வெட்டு, தேய்மானம் எல்லாம் விரலுக்குத் தெரியும். ஒரு இடத்தில் வெட்டு இருந்தாலும் 'இன்னும் ஒரு டைவ் தாங்கும்'னு சமாதானம் சொல்லாதீங்க, நூலை மாத்துங்க. ரீலோடு ஒப்பிட்டால் நூலின் விலை ரொம்பக் குறைவு.

சுருக்கமா... யாருக்கு எது?

* ஸ்கூபா கோர்ஸ் மட்டும் முடிச்சவங்க: மிதவையும் அதற்கான ஸ்பூலும் போதும். நூல் நீளம், நீங்க இறங்கும் ஆழத்தைவிட அதிகமா இருக்கணும்.
* ரெக் கோர்ஸ் சேரப்போறவங்க: 30 முதல் 45 மீட்டர் ஃபிங்கர் ஸ்பூல், தடித்த வெள்ளை நைலான் நூல், இருபக்கக் கொக்கி. மிதவைக்குத் தனி ஸ்பூல்.
* கோர்ஸ் முடிச்சு அடிக்கடி கப்பலுக்குள் போறவங்க: திறந்த வகை சேஃப்டி ரீல், கூடவே உபரியா ஒரு ஸ்பூல்.
* டெக்னிக்கல் பயிற்சி எடுக்கறவங்க: பிரைமரி ரீல். எந்த மாடல் என்பதை உங்க இன்ஸ்ட்ரக்டரோடு, டீமோடு பேசி முடிவு பண்ணுங்க. டீமில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரீல் இருந்தால், அவசரத்தில் யார் ரீலையும் யாரும் கையாளலாம்.

ஒரு ரீல் நல்ல ரீலா, இல்லையான்னு கண்டுபிடிக்க ரெண்டே கேள்விதான். கண்ணை மூடிக்கிட்டு இதைப் பயன்படுத்த முடியுமா? தேவைப்பட்டா யோசிக்காம இதைத் தூக்கிப் போட்டுட்டு வர முடியுமா? ரெண்டுக்கும் 'ஆமா'ன்னா, பில் போடச் சொல்லுங்க!